நூல் வெளியீட்டு விழாவும் மாயக்கதையும்

சிங்கப்பூரிலே தமிழர் ஒருவர் நூல் எழுதி முடித்தால் வெளியீட்டு விழா ஒன்று நடந்தே தீரும். சிராங்கூன் சாலையையடுத்த மண்டபமாயினும், பீட்டி சாலை உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமாயினும், விக்டோரியா வீதித் தேசிய நூலகமாயினும் முறை பெரும்பாலும் ஒன்றே. தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, முதற்பிரதி, சிற்றுண்டி. வந்தவர் உறையிற் பணமிட்டு நூலைப் பெற்றுச் செல்வர். கலியாண வீட்டில் மொய் எழுதுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

அந்த மொய்யை நாம் இகழோம். தன் கைப்பொருளையிட்டுத் தானே அச்சிடும் எழுத்தாளனுக்கு அச்சுக்கூலி திரும்புவது அதனாலேயே. நாம் வருந்துவது வேறொன்றற்கு. அன்று மேடையேறிப் புகழ்வோருள் நூலைப் படித்தவர் எத்தனை பேர்? சட்டப்படி நூல் வெளியான நான்கு வாரத்துள் இரண்டு பிரதிகள் தேசிய நூலகத்தைச் சேரவேண்டும். ஆங்கே அது காக்கப்படும். காக்கப்படுதல் வேறு, படிக்கப்படுதல் வேறு அன்றோ?

எழுதியது மாயக்கதையாயின் எழுத்தாளன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பண்டிதர், "இது சிறுபிள்ளை விளையாட்டு" என்பர். சீர்திருத்தம் பேசும் நம் தோழர்களோ, "மூடநம்பிக்கையை வளர்க்கிறான்" என்பர். நம்மவர்க்கே முதலில் விடை கூறுவோம். நம்பு என்று கட்டளையிட்டுக் காணிக்கை கேட்பது மூடநம்பிக்கை. நினைத்துப்பார் என்று மட்டும் சொல்வது கதை. தோட்டத்து லயத்திலே பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர் எவரேனும் வேதாளத்துக்கு வரி கட்டியதுண்டா?

இவ்வூரும் மாயக்கதைக்கு வறண்ட நிலமன்று. செஜாரா மெலாயு என்னும் மலாய் நூலிலே, கலிங்கத்தினின்று படையுடன் தெமாசெக் வந்த ராஜா சூலான் கண்ணாடிப் பெட்டகத்தமர்ந்து கடலடிக்குச் சென்று, அங்குள்ள அரசன் மகளை மணக்கிறான். சோழன் என்னும் பெயரின் எதிரொலியை அறிஞர் அப்பெயரிற் காண்பர். கலிங்கத்து மல்லனை வெல்லப் படாங் என்பான் எறிந்ததாகச் சொல்லப்படும் கல், சிங்கப்பூர் ஆற்றின் வாயிலில் நின்ற எழுத்துக்கல்லே எனக் கருதுவாருமுண்டு. 1843இல் ஆங்கிலேயர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டொன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இவ்வூர் எழுத்தாளர் கிருஷ்ணா உதயசங்கர் நீல உத்தமன் கதையை ஆங்கில நாவலாக்கி 2015இல் வெளியிட்டார். தமிழில் இத்தகைய நூல் எழுதுவோனுக்கு நாம் செய்யும் கைம்மாறு பொன்னாடை மட்டுந்தானா?

நம் முன்னோர் அரங்கேற்றம் வேறுவிதமானது. பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெளிவுறுத்திய பின்னரே தொல்காப்பியம் ஏற்கப்பட்டது என்று அதன் பாயிரம் கூறும். மேனாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' என்னும் மாயக்கதை 1937இல் வெளிவருமுன், பதிப்பாளர் அதனைத் தம் பத்து வயது மகனிடம் தந்து, ஒரு ஷில்லிங் கூலிக்கு மதிப்புரை எழுதச் செய்தார். சிறுவன் நன்றென்று எழுதினான், நூல் அச்சேறியது. முதற் பதிப்பு 1,500 பிரதிகள். அவ்வாண்டு முடியுமுன் அவை விற்றுத் தீர்ந்தன. அந்நூலுக்கு முதல் வரவேற்பளித்தவன் பிரமுகனல்லன். படித்த ஒரு பிள்ளை.

ஆதலின் விழா நடத்துவோர்க்கு நாம் கூறுவது இதுவே. இரு வாரம் முன்னரே நூலை மூவரிடம் கொடுங்கள். அவருள் ஒருவர் பள்ளி மாணவராயிருக்கட்டும். வாழ்த்துரைகளைக் குறைத்து, ஆசிரியரையே ஓர் அத்தியாயம் வாசிக்கச் சொல்லுங்கள். நூலின் குறையைப் படித்தவர் ஒருவர் அன்போடும் அஞ்சாமலும் எடுத்துரைக்கட்டும். சிற்றுண்டியை அதன்பின் பரிமாறுங்கள்.

பொன்னாடை பெட்டிக்குள் மடிந்து கிடக்கும். படித்தவர் கேட்ட கேள்வியோ எழுத்தாளனை உறங்கவிடாது. அவனது அடுத்த நூலிலே விடையாக வந்து நிற்கும்.