மீனைச் சொல், மடுவைச் சொல்லாதே

தூண்டில்காரர்களில் கெட்டிக்காரர்கள் இரண்டு விதம். மீனைப் பிடிப்பதில் கெட்டி ஒருவர். பிடித்த மீனைப் பற்றிச் சொல்வதில் கெட்டி இன்னொருவர். இரண்டு வித்தையும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். கொச்சியில் அப்படிச் சிலர் உண்டு. கோஸ்ரீ பாலங்களின் ஓரத்திலும் தோப்பும்படிப் பக்கத்திலும் சாயங்காலங்களில் பார்க்கலாம். இடப்பள்ளிவாசியான எனக்கு அவர்கள் மீனைவிட அவர்கள் பேச்சின் மேல்தான் முதலில் ருசி விழுந்தது. "எங்கே கிடைச்சது சேட்டா?" என்று கேட்டால், "தண்ணியிலதான்" என்பார்கள். "எப்போ?" "பசிச்சப்போ." பசித்தது மீனுக்கா அவருக்கா என்பதை நாமே யோசித்துக்கொள்ள வேண்டும். அதே ஆளிடம் மீன் எப்படிக் கடித்தது, எந்தப் பக்கம் ஓடியது, எத்தனை தரம் துள்ளியது என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் நிறுத்த மாட்டார்.

இந்தத் தாராளமும் இந்தக் கஞ்சத்தனமும் ஒரே நாக்கில் குடியிருக்கின்றன. பெரிய மீன் சிக்கினால் ஊரறியச் சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா என்பது தூண்டில்காரர்களிடையே தீராத வழக்கு. அந்த வழக்குக்கு இவர்களுடைய பேச்சிலேயே தீர்ப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வித்தையைப் பார்க்கலாம். கொச்சிக் காயலில் தூண்டில்காரர் கனவு காணும் மீன் கொடுவா. இங்கே அதற்குக் காளாஞ்சி என்று பெயர். வேம்பநாட்டுக் காயலும் பெரியாற்றின் கிளையும் கடலோடு கலக்கும் இந்த முகத்துவாரம் அதற்கு வாகான இடம். உப்பும் நன்னீரும் அதற்கு ஒன்றுதான். திறந்த வெளியில் அலையாமல், பாலத் தூணோ கல்லோ ஊன்றிய கம்போ பார்த்து, நீரோட்டம் வேகம் குறையும் ஓரத்தில் நிழலோடு நிழலாக நிற்கும். இரை தானாக அடித்து வரட்டும் என்று காத்திருக்கும் மீன் அது. எனவே அதைத் தேடுகிறவர் தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கொச்சியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான் மாறும். ஆனால் தூணுக்கு எந்தப் பக்கம் இறால் ஒதுங்கும், எந்த நேரத்தில் ஒதுங்கும் என்பதெல்லாம் அந்தச் சின்ன வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

உயிர் இறாலைக் கோர்ப்பதைப் பார்ப்பதே ஒரு ரசனை. தலைக்குள் தெரியும் கறுப்புப் புள்ளியைத் தொடாமல், கொம்புக்கு அடியில் ஒட்டினாற்போல முள் நுழைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இறால் செத்துவிடும். கொடுவாவுக்குச் செத்த இறாலில் அவ்வளவு அக்கறை கிடையாது. அது கொத்தித் தின்னும் மீனும் அல்ல. வாயைத் திறந்து இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். 'டப்' என்று ஒரு சத்தம் மேலே வரை கேட்கும். முள் ஏறியதும் தலையை உலுக்கிக்கொண்டு நீருக்கு மேலே எழும்பும். அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும் என்பதால் நரம்பின் நுனியில் தடித்த லீடர் கட்டாயம். தூணைச் சுற்ற விட்டால் நரம்பு போயிற்று, விடாமல் இறுக்கிப் பிடித்தால் முள் பிய்ந்துகொண்டு வந்துவிடும். ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு ஓடுவதை இறுக்கும் பிரேக்கை, அந்த நொடியில் எவ்வளவு தளர்த்துவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததில்லை.

ஃபோர்ட் கொச்சியின் சீனவலையோடு இதை வைத்துப் பார்த்தால் ரகசியத்தின் காரணம் விளங்கும். சீனவலைக்கு மறைப்பு ஏது? கரையில் நட்ட மரச்சட்டத்தில் ஊரே பார்க்க இறங்கி ஏறுகிறது. என்ன விழுந்தது என்பதைச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வலைக்காரருக்கு முதல் வலைதான். தூண்டில்காரருக்கோ முதல் தூணும் நேரமும். இன்னொருவர் காதில் விழுந்த உடனே பாதியாகிவிடும் முதல்.

ஆனாலும் பெரிய மீனைப் பிடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்க மனித மனசுக்கு முடியாது. நல்ல சொல்லிக்கு அடையாளம் அளவு. கையை விரித்துக் காட்டுகிறவரை நான் நம்புவதில்லை. விரிந்த கை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் விரியும். டேப் வைத்திருப்பவரை நம்புவேன். மூக்கு நுனியிலிருந்து வால்வரை நீளம், முதுகுத் துடுப்புக்கு முன்னால் சுற்றளவு, இரண்டையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டில் உத்தேச எடை வரும். 40 அங்குல நீளம், 24 அங்குலச் சுற்று என்றால் ஏறக்குறைய 29 பவுண்டு, 13 கிலோ. தராசு இல்லாத இடத்தில் மீனை உயிரோடு திருப்பி விடுகிறவர்களும் இப்படித்தான் எடை சொல்கிறார்கள்.

சொல்வதன் பெருமைக்குத் தென்னிந்தியாவில் காவிரியைவிடப் பெரிய சாட்சி இல்லை. அங்கே நாயகன் மஹாசீர் என்ற கெண்டைக் குலத்துப் பெருமீன், அதிலும் முதுகில் திமில் வைத்த வகை. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்று புத்தகமே போட்டு நம் ஆறுகளை உலகத் தூண்டில்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1946ல், விலங்குகளைப் பாடம் செய்வதில் பேர்போன மைசூர் வான் இங்கன் குடும்பத்தின் டி வெட் வான் இங்கன் கபினியில் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ. இன்றுவரை பேசப்படும் சாதனை அது. 1970களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டில்காரர்கள் அந்த மீன் இன்னும் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னார்கள். பிறகு பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமக்களி என்று காவிரிக் கரையில் முகாம்கள் முளைத்தன. பிடித்த மீனைத் திருப்பி விடுவது அங்கே சட்டமாக இருந்தது. வெடி வைத்து மீன் கொன்ற கைகளில் சில, அங்கே வழிகாட்டி வேலைக்கு வந்தன. பெரிய மீனின் புகழே அந்த மீனுக்குக் காவல் நின்றது.

கதை இதோடு முடிந்திருந்தால் தம்பட்டம் அடிப்பவர்களுக்கே வெற்றி. ஆனால் கதையின் அடுத்த பாதி கொச்சியில் நடக்கிறது.

மூணாறுப் பக்கம் பிறந்து, மறையூர், சின்னாறு வழியாகக் கிழக்கே இறங்கி நம் அமராவதி அணைக்கு வருகிறது பாம்பாறு. காவிரியின் துணையாறுகளில் ஒன்று. அங்கே கிடைத்த குஞ்சு மீன்களை ஆராய்ந்து, மதுசூதன குருப்பும் ராதாகிருஷ்ணனும் ஒரு புது மஹாசீர் இனத்தை விவரித்தார்கள். குருப் கொச்சி பல்கலைக்கழகப் பேராசிரியர். பிற்பாடு பனங்காட்டில் உள்ள கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியலாளர் கே. ரெமாதேவியைக் கௌரவித்து அதற்கு 'டோர் ரெமாதேவி' என்று பெயர் வைத்தார்கள். காவிரியின் திமில் மீனோடு அதை அப்போது யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 2018ல் ஏட்ரியன் பிண்டர், கொச்சியின் ராஜீவ் ராகவன் முதலான ஆய்வாளர்கள் காவிரிப் படுகையைச் சேர்ந்த மோயாற்று மீன்களைக் கொண்டு ஆராய்ந்து, உலகப் புகழ்பெற்ற அந்தத் திமில் மஹாசீரும் பாம்பாற்றுக் குஞ்சும் ஒன்றே என்று நிறுவினார்கள். அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

யோசித்துப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு மேல் சாதனைப் புகைப்படங்கள், புத்தகங்கள், பாடம் செய்த தலைகள். இத்தனை ஆரவாரத்துக்கும் அந்த மீனுக்குச் சரியான ஓர் அறிவியல் பெயரைச் சம்பாதித்துத் தர முடியவில்லை. பெயர் வந்தது, யாரும் படம் எடுத்து மாட்டிக்கொள்ளாத விரல்நீளக் குஞ்சுகளிடமிருந்து.

இன்னொன்றும் உண்டு. காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை ஒரு பதிவேடு நடந்தது. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், என்ன எடை என்று அன்றன்று எழுதியது. இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல், ஆறாயிரம் மீனுக்கு மேல். அதைப் பிரித்துக் கணக்குப் போட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, சராசரி எடை குறைந்திருந்தது. கூடியது நீலத்துடுப்பு மஹாசீர். மீன் வளம் பெருகட்டும் என்று நல்லெண்ணத்தோடு வெளியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்ட இனம். திமில் மீனில் குஞ்சுகளே அருகிப்போயிருந்தன. கிழட்டு மீன்கள் அவ்வப்போது மாட்டிக்கொண்டிருந்ததால், புகைப்படங்களில் எல்லாம் சுகமாகத்தான் தெரிந்தது. பெரிய மீனின் படம் பொய் சொல்லாது. ஆனால் ஆற்றின் கதையை அது பாதிக்கு மேல் மறைத்துவிடும்.

இப்போது மௌனக்காரர்கள் பக்கம். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பல வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். எனவே சாதனை எடை காட்டும் கொடுவா அநேகமாகத் தாய்மீன். லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய். அது நிற்கும் தூணைச் சொல்வதும் அதன் வீட்டு விலாசத்தைச் சுவரில் ஒட்டுவதும் ஒன்று. காவிரியில் திருப்பி விடும் வழக்கமாவது இருந்தது. இங்கே பெரிய மீன் நேராகக் குடம்புளிக் குழம்புக்குப் போகிறது. அதில் அவமானம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1932ல் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் மீன்தான் பல பத்தாண்டுகள் அந்த இனத்தின் தனி உலக சாதனையாக நின்றது. அவர் அதைச் சாட்சிகளோடு எடை போட்டு, பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார். ஊருக்கு எடை, வீட்டுக்குச் சாப்பாடு. ஆனால் பெர்ரியிடம் கைப்பேசி இல்லை. இன்று வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டால், பின்னால் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக் கிரேன் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்தே தூணைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மறுநாள் அந்தத் தூணடியில் பத்து தூண்டில். விவரம் தெரிந்தவர்கள் மீனை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். பாராட்டும் அப்படித்தான், தூண்டில் போடப்போனவரையே பிடித்துவிடும்.

ஆனால் முழு மௌனமும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு எங்கள் இடப்பள்ளித் தோடே காரணம். முட்டாற்றையும் சித்திரப்புழையையும் இணைக்கும் இந்தக் கால்வாயில் ஒரு காலத்தில் சரக்கு வள்ளங்கள் போயின. இன்று பல இடங்களில் ஒடுங்கி, சாக்கடை கலந்து கிடக்கிறது. இதில் என்ன மீன் இருந்தது, எவ்வளவு பெரிது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை கிடைக்கிறது. எடையும் தேதியும் போட்ட ஒரு நோட்டுகூட என் கண்ணில் பட்டதில்லை. எதை இழந்தோம் என்ற கணக்கு இல்லாத நீர்நிலைக்காக வாதாடுவது கஷ்டம். மண்டபத்தில் தொடங்கிக் கொச்சிக்கு வந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் துறைமுகங்களில் இறங்கும் மீனைக் கணக்கெடுக்கிறது. பாலத்தில் நிற்பவரின் மீன் அந்தக் கணக்கில் சேர வழியில்லை. அதை அவரே எழுதினால்தான் உண்டு.

ஆகவே சொல்வதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எதை யாரிடம் என்று கேட்க வேண்டும். ஊருக்கு மீனும் எடையும் போதும். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இறால் கோர்க்கும் விதம், ஓதம் திரும்பும் நேரம், டிராக்கின் பதம் எல்லாம் தரலாம். தூணை அவரே கண்டுபிடிக்கட்டும், அந்தத் தேடலில்தான் பாதிக் கல்வி இருக்கிறது. நோட்டுக்கு மட்டும் எதையும் மறைக்கக் கூடாது: இடம், நேரம், நீளம், சின்ன மீன், வெறுங்கை எல்லாம். காலிபோர் பதிவேட்டுக்கு உயிர் கொடுத்தது அதில் இருந்த மணிக்கணக்குதான். ஒன்றும் கிடைக்காத மணிகளும் எழுதப்பட்டிருந்ததால்தான் கிடைத்த மீனுக்கு அர்த்தம் வந்தது. கொச்சிப் பாலங்களில் நான் பார்த்த படங்களில் பிரம்மாண்டமான கொடுவாக்கள் உண்டு. எனினும் 'நாலு மணி நேரம், ஒன்றும் இல்லை' என்று தேதி போட்டு எழுதிவைக்கிற ஆளைத்தான் நான் பெரிய தூண்டில்காரர் என்பேன்.