நாயின் கால் அரிப்பும் அளவில்லாத அறிவுரைகளும்

நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தக் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரவு உணவு முடிந்து எல்லாரும் படுத்த பின், மூலையில் கிடக்கும் நாய் தன் முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்கிக்கொண்டிருக்கும். இடையிடையே விரலிடுக்கைப் பல்லால் கொறிக்கும். வெள்ளை நாயாக இருந்தால் அவ்விடத்து மயிர் செம்பழுப்பு நிறமாக மாறியிருக்கும். எச்சிலிலுள்ள போர்ஃபிரின் என்னும் பொருளே அதற்குக் காரணம். 'அது அதன் பழக்கம்' என்று சொல்லிவிட்டு நாம் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். பல வேளைகளில் அது பழக்கமன்று; ஒவ்வாமையால் வரும் அரிப்பு.

இதற்கு வழி சொல்லும் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. வார இதழ்களின் துணுக்குப் பகுதியிலும், செல்லப்பிராணி வளர்ப்பு நூல்களிலும், இன்று கைப்பேசியில் வரும் செய்திகளிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பாதத்தைக் கழுவுங்கள், வினிகரில் தண்ணீர் கலந்து நனையுங்கள், தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுங்கள், காலமைன் தடவுங்கள். இக்குறிப்புகளை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கால்நடை மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் ஓர் அறிவுரையை நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவை. எந்தக் காரணத்துக்கு? எவ்வளவு? பயன் கிடைத்தது என்பதை எதனால் அளந்தீர்கள்?

இம்மூன்றையும் நானே கேட்கத் தவறிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மணி ஒரு நாட்டு நாய். அதற்கு இரண்டு வயதானபோது, ஒரு மழைக்காலத்தில், முன்னங்கால்களை நக்கத் தொடங்கியது. எங்கோ படித்தபடி வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து பாதங்களை நனைத்தேன். அது முனகியது, காலை இழுத்துக்கொண்டது. "மருந்து என்றால் எரியத்தான் செய்யும்" என்றார் அம்மா. மூன்றாம் நாள் நக்குவது குறைந்தது போலத் தோன்றியது. உடனே கல்லூரி நண்பர் ஒருவருக்கும் அதே வைத்தியத்தைச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் விரலிடுக்கு வீங்கிக் கசிந்தது, நாற்றமும் வீசியது. கால்நடை மருத்துவர் ஒட்டும் நாடாவை அங்கே ஒற்றியெடுத்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். நிலக்கடலை வடிவில் ஈஸ்ட் செல்கள் குவிந்து கிடந்தன. "எத்தனை நாளாக நக்குகிறது? ஒரு நாளில் எவ்வளவு நேரம்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அளவீட்டை எழுதாமல் ஆய்வகத்துக்கு வரும் மாணவனைத் திருப்பி அனுப்புகிறவன் நான்!

எந்தக் காரணத்துக்கு?

குறிப்புகளின் முதற்குறை, 'கால் அரிப்பு' என்பதை ஒரே நோயாகக் கொள்வது. ஒரு பாதத்தை மட்டும் நக்கினால் முள்ளோ காயமோ இருக்கலாம். விரலிடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கலாம். தோலில் வாழும் சிற்றுண்ணிகளும், ஈர மண்ணிலுள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்களும்கூடப் பாதத்தைத் தாக்கும். இவற்றை எல்லாம் விலக்கிய பின்னரே ஒவ்வாமை என்று முடிவு செய்ய இயலும். உணவு ஒவ்வாமையா என்று அறியவே சுமார் எட்டு வாரம் குறிப்பிட்ட உணவை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நோயை அறிய உதவும் எட்டு அடையாளங்களை ஃபாவ்ரோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்டனர். மூன்று வயதுக்குள் தொடங்குதல், பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்தல், முன்னங்கால் பாதங்களும் காது மடல்களும் பாதிக்கப்படுதல் முதலியன அவற்றுள் அடங்கும். எட்டில் ஐந்து பொருந்தினால், ஒவ்வாமையுள்ள 100 நாய்களில் ஏறத்தாழ 85-ஐச் சரியாகக் கண்டுகொள்ளலாம். ஆனால் வேறு காரணத்தால் அரிக்கும் 100 நாய்களில் ஏறத்தாழ 21-ஐத் தவறாக ஒவ்வாமை என்று கூறிவிடும். அறிஞர் வகுத்த முறைக்கே இவ்வளவு பிழை உண்டென்றால், துணுக்குக் குறிப்பின் உறுதி எங்கிருந்து வருகிறது?

எவ்வளவு?

'வினிகரில் பாதி தண்ணீர் கலந்தால் வீரியம் பாதியாகும்' என்று எண்ணுகிறோம். கணக்கிட்டுப் பாருங்கள். கடையில் கிடைக்கும் வினிகரில் சுமார் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் உள்ளது; அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 2.4. சரிபாதி தண்ணீர் சேர்த்தால் அது 2.55 அளவுக்கே உயரும். அசெட்டிக் அமிலம் வலிமை குன்றிய அமிலம். நீர் சேரச் சேர அதன் மூலக்கூறுகள் மேலும் அயனிகளாகப் பிரியும். ஆகவே அமிலத்தன்மை நாம் நினைக்கும் அளவுக்குக் குறைவதில்லை. நக்கி நக்கிப் புண்ணான தோலில் இதை ஊற்றினால் எரியாமல் என்ன செய்யும்? மணி முனகியது மருந்து வேலை செய்ததால் அன்று.

எண்ணெயின் கதை வேறு. விரலிடுக்கு உலர்ந்திருக்க வேண்டிய இடம். ஈரத்தோலின் மேல் எண்ணெய்ப் படலம் பூசினால் நீர் ஆவியாவது தடைப்படும். ஈரத்தை விரும்பும் ஈஸ்டுக்கு அது வசதி. காலமைனில் துத்தநாக ஆக்சைடு உண்டு. நம் கையில் பூசினால் தீங்கில்லை. ஆனால் நாயின் பாதத்தில் பூசுவதெல்லாம் சற்று நேரத்தில் அதன் வயிற்றுக்குப் போய்விடும். துத்தநாகம் அங்கே நஞ்சு. 'இயற்கையானது' என்று புகழப்படும் தேயிலை மர எண்ணெயும் நாய்க்கு நஞ்சே.

பட்டியலில் மிக எளிய குறிப்பாகிய கழுவுதல் மட்டும் தேர்வில் தேறுகிறது. ஆனால் அதன் காரணத்தை யாரும் சொல்வதில்லை. நாய்களின் ஒவ்வாமைக்கு வீட்டுத்தூசியில் வாழும் சிற்றுண்ணி ஒரு முக்கியக் காரணம். அதன் எச்சத் துகள் சுமார் 20 மைக்ரான் அளவுள்ளது. ஸ்டோக்ஸ் விதிப்படி, அசையாத காற்றில் இத்துகளின் முற்றுத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதாவது நாற்காலி உயரத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். நம் மூக்கைவிட நாயின் பாதத்துக்கே அது அருகில்! ஒவ்வாமைப் பொருள் தோல் வழியாகவும் நுழைவதால், வெளியே போய் வந்ததும் வெறும் நீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை துணியால் ஒற்றி உலர்த்துவதும், தரையை ஈரத்துணியால் துடைப்பதும், படுக்கைத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் பொருளுள்ள செயல்கள். உலர்த்தாமல் விட்டால் கழுவியதும் தீமையாகும்.

எதனால் அளந்தீர்கள்?

'எங்கள் நாய்க்குக் கேட்டது' என்பதே எல்லாக் குறிப்புகளுக்கும் சான்று. அரிப்பு ஏறி இறங்கும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் மருந்தைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பின் இறக்கம் வருவது இயல்பு. அந்தப் புகழை மருந்து தட்டிச் செல்கிறது. சராசரியை நோக்கித் திரும்பும் இவ்வியல்பைப் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து 1886-இலேயே கால்டன் விளக்கினார்.

நம் கண்ணும் நம்மை ஏமாற்றும். கால் நொண்டும் நாய்களுள் போலி மருந்து பெற்றவற்றைப் பற்றி 2012-இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியாயிற்று. நாய் ஊன்றும் விசையை அளக்கும் தட்டின்மேல் அவற்றை நடக்கவிட்டார்கள். தட்டு காட்டாத முன்னேற்றத்தை உரிமையாளர்கள் கண்டார்கள், மருத்துவர்களும் கண்டார்கள். அன்பும் எதிர்பார்ப்பும் அளவுகருவிகள் அல்ல.

ஆகவே உங்களுக்கு என் வேண்டுகோள் இது. பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று வரையுங்கள். ஒரு முனை அரிப்பே இல்லாமை, மறு முனை ஓயாத அரிப்பு. நாள்தோறும் ஒரு புள்ளி வையுங்கள். மருத்துவர்களும் இத்தகைய கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். இரவு ஒன்பது முதல் ஒன்பதரை வரை எத்தனை நிமிடம் நக்குகிறது என்றும் குறித்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆனால் புண், வீக்கம், நாற்றம், நொண்டல் இவற்றுள் எது இருந்தாலும் ஏட்டை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அரிப்பைத் தூண்டும் சமிக்ஞையை உடலுக்குள்ளேயே தடுக்கும் ஒக்லாசிட்டினிப் என்ற மருந்து 2013-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்தகைய மருந்துகளை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

மணிக்கு ஈஸ்ட் அடங்கிற்று. ஒவ்வாமை முழுதும் நீங்கவில்லை, மழைக்காலந்தோறும் தலைகாட்டுகிறது. ஆனால் இப்போது அதன் கூடையருகே ஓர் ஏடு தொங்குகிறது. வினிகரைப் பரிந்துரைத்த நண்பரிடம் சென்று நான் சொன்னது தவறு என்று கூறிவிட்டேன். இதழ்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்பும் வாசகர்களும் அந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகே உறையை ஒட்டுவார்களாக. மருந்து எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத உயிரின்மேல் நாம் பரிசோதனை செய்கிறோம் என்பதை மறத்தல் ஆகாது.