கழுத்துக்குச் சரி, முழுத் தாடிக்கு?

சலூன் நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்ததும், கழுத்துத் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியைக் கீழிருந்து மேலாக எதிர்ப்பக்கம் ஓட்டுவார்கள். தடவிப் பார்த்தால் மழமழவென்று இருக்கும். படிகாரக் கட்டியைத் தேய்த்து, துண்டால் ஒற்றி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பருக்கள் கிளம்பும். கத்தி சுத்தமில்லை என்று கடையை மாற்றுவோம், பிளேடை மாற்றுவோம், க்ரீமை மாற்றுவோம். பரு மட்டும் போகாது.

சுத்தமில்லாத கத்தியால் சீழ்ப்பரு வருவது உண்டுதான். ஆனால் இந்தப் பருவுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த எதிர் ஷேவ். இழுத்துப் பிடித்த தோலில் வெட்டுப்பட்ட முடி, கையை எடுத்ததும் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. சுருட்டை முடியாக இருந்தால் திரும்ப வளரும்போது நேராக வெளியே வருவதில்லை. கத்தி சீவிய கூர்மையான நுனியோடு வளைந்து, பக்கத்துத் தோலையே குத்துகிறது. உடம்பு அதை வெளியிலிருந்து ஏறிய முள்ளாகவே எடுத்துக்கொண்டு வீங்குகிறது. மருத்துவர்கள் இதை ‘சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே’ என்கிறார்கள். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இது மிக அதிகம். தினமும் ஷேவ் செய்தே ஆக வேண்டிய அமெரிக்க ராணுவத்தில் பல பத்தாண்டுகளாகத் தீராத தலைவலி. நம் ஊரில் சுருட்டை முடியும் அடர்ந்த தாடியும் உள்ளவர்களுக்கும் இதே பாடுதான். பரு அடங்கினாலும் கழுத்தில் கறுப்புத் தங்கிவிடும். சிலருக்குத் தழும்பு தடித்துக் கீலாய்டாகவும் ஆகிவிடும்.

கழுத்து இப்படிப் புண்ணாகிப் போனவருக்கு முடியைக் குறைக்கும் சிகிச்சை உண்மையான வைத்தியம். ஆண்களுக்கான லேசரை நான் மனதார ஆதரிப்பது இந்த இடத்தில்தான். அதே கருவியை இருபது வயதுப் பையனின் முழு முகத்துக்கும் ‘பேக்கேஜ்’ போட்டு விற்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே விளம்பரப் பலகையில், ஒரே வாக்குறுதியாக எழுதிவிடுவதால் யாருக்கு எது தேவை என்பதே மறைந்துபோகிறது.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் தானாகப் புரியும். ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இதற்கு அடிப்படை. சுற்றியிருக்கும் திசுவை விட்டுவிட்டு, ஒரு நிறமியை மட்டும் குறிவைத்துச் சுட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். முடியில் அந்த நிறமி மெலனின். ஒளி முடித்தண்டில் இறங்கி வெப்பமாகி, வேரையும் அதைத் திரும்ப வளர்க்கும் செல்களையும் கருக்குகிறது. ஆக, வேரோடு முடி உள்ளே இருந்தால்தான் லேசருக்குக் குறி உண்டு. கன்னத்தில் நூல் போட்டு முடியைப் பிடுங்கிவிட்டு வருகிறவருக்கு அன்றைய சிட்டிங் வீண். ஷேவ் மட்டும் செய்துவிட்டு வர வேண்டும். வளர்ச்சி நிலையில் இருக்கும் முடிதான் சரியாக மாட்டும் என்பதால் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு முறை போக வேண்டியிருக்கும். தாடிக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

இத்தனைக்குப் பிறகும் முடி அடியோடு ஒழிவதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. லேசருக்கு அனுமதித்திருப்பது, முடியின் எண்ணிக்கையை நீண்ட காலத்துக்குக் குறைக்கும் என்று சொல்லிக்கொள்ள மட்டுமே. முடியின் முழு வளர்ச்சிச் சுற்று, அதாவது இடத்தைப் பொறுத்து 4 முதல் 12 மாதம் கடந்த பின்னும் குறைந்த எண்ணிக்கை குறைந்தபடியே நிற்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கழுத்துப் பருக்காரருக்கு இது தாராளமாகப் போதும். தப்பிப் பிழைத்த முடியும் மெலிந்துதான் வருகிறது. தோலைக் குத்தித் துளைக்கும் வலு அதற்கு இல்லை. பாதி முடி போனாலே பரு கணிசமாக அடங்கிவிடும். மழமழவென்ற கன்னம் வேண்டும் என்று வந்தவருக்கோ அதே பாதி ஏமாற்றம்தான். அங்கங்கே சொட்டையும் அங்கங்கே கட்டையுமாக நிற்கும் தாடியை வளர்க்கவும் முடியாது, ஷேவ் செய்வதை நிறுத்தவும் முடியாது.

நம் தோலின் நிறம் இதில் இன்னொரு கணக்கைச் சேர்க்கிறது. முடியில் இருக்கும் அதே மெலனின் மாநிறத் தோலின் மேலடுக்கிலும் நிறைய இருக்கிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடியைக் குறிவைப்பது சுலபம்; நம் தோலில் ஒளி வேருக்குப் போகும் முன்பே மேலடுக்கு அதைக் குடித்துவிடும். அதனால்தான் அலைநீளம் முக்கியம். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் வெளிர் தோலுக்கு நன்றாக வேலை செய்யும்; கறுத்த தோலில் சுட்டுவிடும் அபாயம் அதிகம். 810 அளவிலான டயோடை மாநிறத்துக்குக் கவனமாகப் பயன்படுத்தலாம். 1064 அளவிலான என்.டி. யாக் மெலனினை அவ்வளவாகச் சட்டை செய்யாமல் ஆழத்துக்குப் போவதால் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது. பலன் சற்றுக் குறையும், வலி கூடும். ஆணின் தாடி முடியோ தடிமனானது, நெருக்கமானது, ஆழத்தில் வேரூன்றியது. முதல் சில சிட்டிங்கில் இத்தனை முடியும் ஒரே நேரத்தில் சூடாகும்போது, அதிலும் மேலுதட்டில், வலியில் கண்ணீர் வந்துவிடும். அனுபவமுள்ளவர் அப்போது சக்தியைக் குறைத்து, குளிர்காற்றோ குளிர்முனையோ வைத்து நிதானமாகப் போவார். அனுபவமில்லாதவர் சீக்கிரம் பலன் காட்ட வேண்டுமென்று கூட்டிவைப்பார். கொப்புளமும், மாதக்கணக்கில் போகாத கரும்படலமும் வருவது அப்படித்தான்.

வலியைக் குறைக்க மரத்துப்போகும் களிம்பைத் தாராளமாகப் பூசிக்கொள்வதும் ஆபத்தில்லாதது அல்ல. காலில் அதிக அளவில் பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு முடி நீக்கச் சென்ற இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்தார்கள், 2007இல் எஃப்.டி.ஏ. அதைச் சுட்டி எச்சரிக்கை விட்டது. மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நேரம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கவிளைவைப் பெரும்பாலான கிளினிக்குகள் வாய் திறந்தே சொல்வதில்லை. சிலருக்கு லேசர் பட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ முடி முன்பைவிட அதிகமாக வளர்ந்துவிடும். வேரைக் கொல்லப் போதாத வெப்பம், தூங்கிக்கொண்டிருந்த பூனைமுடியைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். முகமும் கழுத்தும், மாநிறமும் கறுப்புமான தோலும் இதற்கு அதிகம் ஆளாகின்றன. தாடியின் மேல்கோட்டை நேராக்கிக்கொள்ளலாம் என்று கண்ணுக்குக் கீழே கன்னத்து மெல்லிய முடிக்கு லேசர் போட்டுக்கொள்கிற இளைஞர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்த இடத்துக்கு நூல் போடுவதே என் கணிப்பில் மேல். தப்பாகப் போனாலும் முடி வளர்ந்துவிடும். கண்ணெலும்பு வட்டத்துக்குள் லேசர் படவே கூடாது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

நிஜமாகவே முடியை அடியோடு ஒழிக்க வல்லது எலக்ட்ராலிசிஸ்தான். எஃப்.டி.ஏ.வும் அந்தத் தகுதியை இதற்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்தும் இமைமுடியை எடுக்க வழி தேடி, 1875இல் வெளியிட்ட முறை இது. முடி முளைக்கும் குழிக்குள் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் விட்டால், அங்கிருக்கும் உப்பும் நீரும் காரமாக மாறி வேரை அரித்துவிடும். உயர் அலைவரிசை மின்சாரத்தால் சுடும் முறை பின்னால் வந்தது. இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு. நிறமியோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. கறுப்புத் தோல், வெள்ளை முடி, செம்பட்டை, எல்லாம் ஒன்றுதான்.

சரியாகச் செய்தார்களா என்பதை நாற்காலியில் படுத்திருப்பவரே கண்டுபிடிக்க முடியும் என்பது இந்த முறையில் எனக்குப் பிடித்த அம்சம். மின்சாரம் விட்ட பிறகு சாமணத்தால் எடுக்கும்போது முடி எந்த இழுப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சுருக்கென்று பிடுங்கிய உணர்வு இருந்தால் வேர் சாகவில்லை, வெறுமனே பிடுங்கியிருக்கிறார்கள்; சில வாரத்தில் அதே இடத்தில் முடி திரும்ப நிற்கும். கொடுமை எதுவென்றால், ஒவ்வொரு முடிக்கும் ஒரு முறை ஊசி இறங்க வேண்டும். முழுத் தாடி என்றால் நூறு மணி நேரத்தைத் தாண்டும், இரண்டு மூன்று ஆண்டு இழுக்கும். ஊசி கோணம் தப்பினால் குழித் தழும்பு விழும். இதில் கைதேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் அரிது. லேசர் எந்திரத்தை வாங்கிப் போட்டால் மறுநாளே வருமானம். ஊசி பிடிக்கும் கைக்கோ வருஷக்கணக்கான பழக்கம் தேவை. நல்ல முறை தெருவுக்குத் தெரு வராமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

இந்த உழைப்பும் வலியும் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் திருநங்கைகள். பருவ வயதில் ஒருமுறை முளைத்துவிட்ட தாடி, பின்னால் ஈஸ்ட்ரஜன் எடுத்துக்கொண்டாலும் போவதில்லை. கொஞ்சம் மெலியும், அவ்வளவே. சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி முகத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூ.பாத், 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டு நெறிகளில் முக முடி நீக்கத்தையும் தேவையான சிகிச்சைகளில் சேர்த்திருக்கிறது. தெருவில், பேருந்தில், வேலை கேட்டுப் போகும் இடத்தில் முதலில் பார்க்கப்படுவது முகம்தான். இதை அழகு நிலைய ஆடம்பரம் என்று ஒதுக்குவது அநியாயம்.

மற்றவர்கள் விஷயத்தில் நான் தயங்குவதற்கு இந்தத் தொழிலின் வரலாறும் ஒரு காரணம். வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் 1896இல் எக்ஸ்ரே கதிரால் முடி உதிர்வதைக் காட்டினார். 1920களில் அமெரிக்காவில் அதை அழகு நிலையத்துக்குள்ளேயே கொண்டுவந்து, ‘ட்ரிக்கோ’ என்ற பெயரில், வலியில்லாத நிரந்தரத் தீர்வு என்று பெண்களிடம் விற்றார்கள். தோல் கருகியதும் புற்றுநோய் வந்ததும் பல ஆண்டு கழித்து. அடுத்து, எலி மருந்தில் போடும் தாலியத்தைக் கலந்த க்ரீம் வந்தது, நரம்பு செயலிழந்தது. லேசரை இவற்றோடு சேர்த்து வைக்க மாட்டேன், அது சோதிக்கப்பட்ட மருத்துவம். விற்கிறவர் அவசரமும் வாங்குகிறவர் அவசரமும் மட்டும் மாறவில்லை. நம் வீடுகளில் சொல்லும் குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் வேரைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, வீட்டிலேயே முடி நீக்க விற்கப்படும் ஐ.பி.எல். ஒளிக் கருவிகளோ, ஆண்கள் முகத்தில் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டிலேயே அச்சிட்டுத்தான் பல வருகின்றன.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் லேசர் முடி குறைப்புக்கு 2008இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவர், முன்கூட்டியே முழு விளக்கம், எழுத்தில் சம்மதம் என்று எல்லாம் அதில் உண்டு. நடைமுறையில் வரவேற்பு மேசையில் இருப்பவர் எத்தனை சிட்டிங் என்று தீர்மானித்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார். எந்த அலைநீளம், கைப்பிடியைப் பிடிக்கப்போவது யார், தாடைக்குக் கீழே சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் காத்திருப்பார்களா என்ற மூன்று கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

வயதும் ஒரு விஷயம். ஆணின் தாடி இருபதோடு முடிந்துவிடுவதில்லை. முப்பது வரைக்கும் கன்னத்திலும் கழுத்திலும் புதிது புதிதாகத் தடித்துக்கொண்டே போகும். பத்தொன்பதில் முடித்த சிகிச்சை இருபத்தைந்தில் தோற்றதுபோல் தெரிவது இதனால்தான். ரசனையும் நிற்காது. 2015இல் நாயகன் தாடியோடு வரும் ‘பிரேமம்’ படம் வந்த பிறகு, முளைக்காத தாடிக்கு மினாக்ஸிடில் தடவிய பையன்கள் எத்தனை பேர்! இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. தலை பெருமளவு வழுக்கையாகிப் பின்மண்டை முடி போதாதபோது, நடவு செய்கிற மருத்துவர்கள் தாடைக்குக் கீழிருக்கும் தாடி முடியை எடுத்துத் தலையில் வைக்கிறார்கள். அப்பாவும் மாமாவும் வழுக்கை என்றால் அந்த இருப்பை இளம்வயதில் சுட்டுத் தீர்ப்பதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

அதற்காகக் காலம் முழுக்கத் தள்ளிப்போடவும் முடியாது. நரைத்த முடியில் மெலனின் இல்லை, லேசருக்கு அது தெரியவே தெரியாது. பலருக்குத் தலைக்கு முன்பே தாடி நரைக்கிறது. கழுத்துப் பருவால் வருஷக்கணக்காகத் துன்பப்படுகிறவர்கள் முப்பதுகளில், முடி கறுப்பாக இருக்கும்போதே, கழுத்துக்கு மட்டும் என்.டி. யாக் போட்டுக்கொள்வது நல்லது. நரைத்துவிட்டவருக்கு மிஞ்சியிருப்பது ஊசிதான். அவர் முழுத் தாடிக்கும் போக வேண்டியதில்லை, திரும்பத் திரும்ப உள்வளர்ந்து குத்துகிற அந்தப் பத்துப் பதினைந்து முடிக்கு மட்டும் செய்துகொண்டால் போதும்.