வாளுக்கு முன் அரிவாள்மனை

பாகுபலியையும் பொன்னியின் செல்வனையும் பார்த்துவிட்டு வருகிற இளைஞனுக்குக் கொல்லைப்புறத்தில் ஓர் உலை மூட்டி, தன் கையாலேயே ஒரு வாள் அடித்துப் பார்க்க ஆசை வருவது இயல்பு. நெய்வேலிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊரில் அதற்குப் பெரிய செலவும் இல்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டை காயலான் கடையில் கிடைக்கும். காற்றூத ஒரு சின்ன புளோயர் போதும். இந்த ஆசையை மனதார வரவேற்கிறேன். ஆனால் வாளில் தொடங்குவது தவறு.

ஒரு சில குடும்பங்களின் கைக்குள்ளேயே இருந்துவந்த கொல்லுவேலையை விருப்பமுள்ள எவரும் கற்கலாம் என்பது நல்ல மாற்றம். அமெரிக்காவில் 1976-இல் தோன்றிய கத்திக் கொல்லர் சங்கம் அப்படி வளர்ந்ததுதான். அதன் முதல் நிலைத் தேர்வில் கேட்பது வாள் அல்ல. பத்து அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள ஒரு கத்தி. தொங்கும் கயிற்றை அது ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டத்தை வெட்ட வேண்டும், அதன்பிறகும் கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் 90 பாகை வளைத்தாலும் ஒடியக் கூடாது.

இந்தத் தேர்வில் தேறவைப்பது துவைச்சல், அதாவது இரும்பைச் சூடேற்றி முக்கி உறுதியாக்கும் வேலை. லாரிப் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரிமம் உண்டு. ஏறத்தாழ 770 டிகிரியைத் தாண்டியதும் அதில் காந்தம் ஒட்டாது. இன்னும் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் முக்கினால் இறுகும். இறுகிய கையோடு கண்ணாடிபோல் உடையவும் செய்யும். மறுபடி 200 டிகிரிக்கு மேல் இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால்தான் உறுதி வரும். ஒரு சாண் கத்திக்கு இதை வீட்டிலேயே செய்துவிடலாம். மூன்றடி வாளைச் சிறிய உலையில் வைத்தால் நடுப்பகுதி பழுத்திருக்கும்போது நுனி கறுத்துக் கிடக்கும். எண்ணெயில் இறக்கினால் கோணும், சிலசமயம் விரிசலும் விடும்.

அதனால் பலர் துவைச்சலையே விட்டுவிடுகிறார்கள். தகட்டை கிரைண்டரில் வெட்டி, பளபளவென்று தேய்த்து, பிடிக்குள் போகும் வாலுக்கு ஒரு போல்ட்டைப் பற்றவைத்துவிட்டால் வாள் தயார். ஓங்கி வீசினால் அந்தப் பற்று விட்டு அலகு பறக்கும். அலங்காரத்துக்கு இது கனம், வேலைக்கு உதவாது. இரண்டும் கெட்டான் பொருள் என்பேன்.

நெய்வேலிப் பக்கம் இருப்பதால் பழுப்பு நிலக்கரியை உலையில் போடலாமென்று தோன்றும். வெட்டியெடுக்கும்போது அதில் பாதியளவு ஈரம், புகைதான் மிஞ்சும். அடுப்புக்கரியே சரி. துத்தநாகம் பூசிய குழாயை ஒருபோதும் உலையில் வைக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். கோடையில் முந்திரித்தோப்புச் சருகு ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டமும் இதில் தெளிவாகவே பேசுகிறது. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே என்று செய்த பொருளையும் வெறும் பொம்மையையும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. வாளையோ அந்தச் சட்டத்தின் விதிகளிலுள்ள பட்டியல் பேர் சொல்லியே ஆயுதம் என்கிறது. 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய அலகுள்ள கத்திகளும் அதில் வரும். சுவரில் மாட்டத்தான் செய்தேன் என்று காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருப்பது எளிதல்ல.

அழகுக்கு வாள் வேண்டுமென்றால் நம் தெருக்கூத்து வழி காட்டியிருக்கிறது. துரியோதனன் கையிலிருப்பது மரத்தால் செய்தது. மேடையில் அது போதும். இரும்பின் பெருமை வேண்டுமென்றால் அது உருவத்தில் இல்லை, உருக்கில் இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவள்ளூரில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. அவ்வகை இந்திய எஃகைத்தான் 1819 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார்.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். காணொளியை மூடிவிட்டு, பக்கத்தில் எந்த ஊரிலாவது இன்னும் உலை எரிகிற பட்டறைக்குப் போய் ஆசாரியிடம் கேளுங்கள். கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் ஓர் அரிவாள்மனை அடித்து அம்மாவிடம் கொடுங்கள். ஒரு மாதம் மழுங்காமல் காய் நறுக்கினால் அடுத்த வேலையைத் தொடங்கலாம்.