சொற்பட்டியலும் நூற்பயிற்சியும்
(அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பரீட்சையின் ஆங்கிலப் பகுதி பற்றியதோர் ஆராய்ச்சி)

அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே பட்டமேற்படிப்பை நாடுவோர் எழுதும் பொதுப் பரீட்சை ஜி. ஆர். ஈ. என்னும் மூன்றெழுத்தாற் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்து விஞ்ஞான, பொறியியற் பட்டதாரிகள் அதன் கணிதப் பகுதியைக் கண்டு அஞ்சுவாரல்லர். அவர்களை உறக்கங் கெடச் செய்வது ஆங்கிலச் சொல்லாற்றற் பகுதியே. அவ்வச்சத்திற்கு அவர்கள் தேடிக்கொள்ளும் மருந்தோ சொற்பட்டியல். பாரன்ஸ் பதிப்பகத்தாரின் 3500 சொற்பட்டியல் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, ஓரம் மடிந்து, பென்சிற் கோடுகளோடு இன்றும் உலாவுகின்றது. கைத்தொலைபேசியிலே அதனைச் சிறு சிறு அட்டைகளாக்கிப் பயில்வாரும் உளர். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர், உயர்தர வகுப்பிலேயே இத்தகைய பயிற்சியைத் தொடங்குவதற்குப் பொருளுதவி செய்வோம் என்கின்றனர். எனவே இப்பரீட்சை எதனை அளக்கின்றது, அதற்கு நம் பிள்ளைகள் செய்யும் ஆயத்தம் ஆயத்தந்தானா என்று ஆராய்வது வெறும் ஏட்டாராய்ச்சியன்று. பணமும் பிள்ளைகளின் காலமும் எவ்வழிச் செல்லவேண்டும் என்பது பற்றியதாகும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். இப்பரீட்சை அந்நியருடைய ஆங்கில அறிவைச் சோதிக்க எழுந்ததன்று. 1937ஆம் ஆண்டில் ஹாவாட், யேல், பிரின்ஸ்ரன், கொலம்பியா என்னும் நான்கு பல்கலைக்கழகங்களும் கார்னெகி அறநிலையத்தாரும் கூடித் தம் நாட்டுப் பட்டதாரிகளை ஒருவரோடொருவர் ஒப்பிடுதற்கு இதனை நடத்தத் தொடங்கினர். 1947இல் நிறுவப்பெற்ற ஈ. ரி. எஸ். என்னும் பரீட்சை நிறுவனம் பின்னர் இதனைப் பொறுப்பேற்றது. பிறமொழியாளரின் ஆங்கிலத்தை அளப்பதற்கு ரோபல் என்னும் வேறொரு பரீட்சை 1964இலே தொடங்கிற்று. எனவே, ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகியவனும் இடறவேண்டும் என்ற நோக்குடனேயே முன்னதன் வினாக்கள் அமைக்கப்பட்டன. அதிலே புள்ளி குறைந்துவிட்டால் தமக்கு ஆங்கிலமே தெரியாது என்று சோர்வடையும் நம் பட்டதாரிகள் இவ்வேறுபாட்டை உணர்வாரல்லர்.

அரிய சொற்களை வினாவி ஒருவனுடைய அறிவை அளக்கலாம் என்ற கருத்து எங்ஙனம் எழுந்தது? சைவ சித்தாந்தம் படித்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மலையிலே புகையைக் காண்கின்றோம். ஆண்டு நெருப்புண்டு என்று அனுமானிக்கின்றோம். நூல்கள் பலவற்றை ஊன்றிப் படித்தவன் அரிய சொற்கள் பலவற்றை அறிந்திருப்பான். ஆகவே அரிய சொல் புகை, நூற்பயிற்சி நெருப்பு. பரீட்சை செய்வோர் நெருப்பை நேரே அளக்க இயலாமையாற் புகையை அளக்கின்றனர். இதிலே தவறில்லை, புகை நெருப்பிலிருந்தே எழுமாயின். பட்டியலை மனனஞ் செய்தவனிடத்து எழுவது மூடுபனி. தூரத்திலிருந்து நோக்குவார்க்கு அதுவும் புகைபோலவே தோன்றும். தருக்க நூலார் இதனை ஏதுப்போலி என்பர். பரீட்சையொன்று புகழடைந்து, அதற்குரிய பயிற்சி நூல்களும் வகுப்புகளும் பெருகப் பெருக, அதன் ஏது போலியாகிக்கொண்டே போகும். இதற்குப் பரீட்சை நிறுவனத்தாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நெருப்பை மூட்டாது பனியை விலைக்கு விற்கும் வாணிகம் கொழும்பிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு.

இங்கு ஒருவர், “நம் முன்னோரும் நிகண்டை மனனஞ் செய்தனரே, அதிலே குற்றங் காணாத நீர் இதிலே காண்பது என்னை?” என்று வினவக்கூடும். நல்ல வினா. திண்ணைப் பள்ளியிலே சூடாமணி நிகண்டைப் பாராமற் சொல்லாத பிள்ளைக்கு மேற்பாடம் இல்லை என்பது உண்மை. ஆறுமுக நாவலர் அதனைப் பதிப்பித்ததும் பள்ளிப் பிள்ளைகளின் பயன் கருதியே. ஆயினும் வேறுபாடு பெரிது. நிகண்டு செய்யுளாலாயது, ஒரு சொல் மற்றொன்றை ஓசையால் இழுத்துக்கொண்டு வரும். தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருளுறவு பற்றி அது தொகுக்கப்பட்டது. பாரன்ஸ் பட்டியலோ அகர வரிசை. அவ்வரிசையிலே அடுத்தடுத்து நிற்கும் இரு சொற்களுக்கு முதலெழுத்தன்றி வேறு உறவு யாதுமில்லை. இதனினும் முக்கியமான வேறுபாடொன்றுண்டு. நிகண்டு படித்த பிள்ளை மறுநாளே அச்சொற்கள் வழங்கும் செய்யுளுக்குள் ஆசிரியராற் புகுத்தப்பட்டான். நிகண்டு வாயில், இலக்கியம் வீடு. பட்டியல் படிக்கும் நம் பட்டதாரிக்குப் புகவேண்டிய வீடு என ஒன்று காட்டப்படுவதில்லை. பரீட்சை முடிந்த மாதத்திலேயே பட்டியலும் மறந்துபோகும்.

இவ்விடத்திலே பலரும் கவனியாத செய்தியொன்றைக் கூறல் வேண்டும். இப்பட்டியல்கள் எப்பரீட்சைக்காக எழுந்தனவோ அப்பரீட்சை இன்று இல்லை. ஒரு சொல்லைத் தனியே நிறுத்தி அதன் எதிர்ச்சொல் யாதென வினவும் முறையும், தச்சனுக்கு உளி எனின் உழவனுக்கு யாது என்பது போன்ற ஒப்புமை வினாக்களும் 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தோடு நீக்கப்பட்டன. 200 முதல் 800 வரை இருந்த புள்ளி அளவும் 130 முதல் 170 வரை என மாறியது. இப்போது சொல் தனியே வருவதில்லை, வாக்கியத்தினுள்ளேயே வருகின்றது. ஓரிடம், ஈரிடம், சிலபோது மூவிடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் புள்ளியில்லை. வேறொரு வகையில், ஒரே இடத்திற் பொருந்தி ஒரே கருத்தைத் தரும் இரு சொற்களைத் தெரிதல் வேண்டும். ஏறக்குறையப் பாதி வினாக்கள் கிரகித்தல் பற்றியவை. 2023ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே பரீட்சை மேலும் சுருக்கப்பட்டது. சொல்லாற்றற் பகுதியில் இன்று 27 வினாக்கள். முதற் கூற்றிலே 12 வினாக்களுக்கு 18 நிமிடம், இரண்டாவதிலே 15 வினாக்களுக்கு 23 நிமிடம். முதற் கூற்றை எழுதிய திறத்துக்கேற்ப இரண்டாவது கூற்றின் கடுமை அமையும்.

புதிய முறை வினவுவதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. அது அரிய சொல்லை மட்டுமன்றி, எல்லாரும் அறிந்ததாக எண்ணும் சொல்லின் அறியாத பொருளையும் வினவுகின்றது. சாங்ஷன் என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். அரசாங்கக் கந்தோரிற் பழகியவர்க்கு அது அனுமதி. நாடுகளுக்கிடையிலான செய்திகளைப் படிப்பவர்க்கு அது தண்டனைத் தடை. ஒன்றுக்கொன்று மாறான இரு பொருளும் ஒரே சொல்லில் உறைகின்றன. டெம்பர் என்பது நமக்குக் கோபம். வினைச்சொல்லாய் வருமிடத்துத் தணித்தல் என்றும் பொருள்படும். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒரு சொல் பல பொருளைச் சொல்லுவது. நிகண்டு கற்றோர் அத்தொகுதியைக் கடினமானதென்று கருதியது ஏன் என்பது இதனால் விளங்கும். பட்டியலோ சொல்லொன்றுக்குப் பொருளொன்று என்று கூறிச் செல்வது. வாக்கியத்திற்குள் வைத்தன்றி இவ்வகைச் சொல்லைக் கற்றற்கு வழியில்லை.

பரீட்சையின் நேர்மை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தின் உயர்நடைச் சொற்கள் பெரும்பாலும் இலத்தீனிலிருந்து வந்தவை. வாயாடியைக் குறிக்கும் லொகுவேஷஸ் என்னுஞ் சொல் ஆங்கிலேயச் சிறுவனுக்கே அரிது. ஸ்பானிய மொழி பேசும் மாணவனுக்கோ அது லொகுவாஸ் என்னும் தன் மொழிச் சொல்லின் உறவினன். அற்பாயுளுடையதைக் குறிக்கும் எபெமெரல் என்பதும் அவனுக்கு எபீமெரோ. வடசொல் மிக்க மலையாள நூலைக் கையிலெடுக்கும் தமிழன் சற்றே துணிவோடு நுழைவதுபோல, அவன் இப்பரீட்சைக்குள் நுழைகின்றான். தமிழ் மாணவனுக்கும் சீன மாணவனுக்கும் அத்தகைய உறவினர் எவருமிலர். ஒரே கோலால் மூவரையும் அளந்து, அளவு பொது என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? எனினும் அதனை அநீதி என்று முழங்கிவிட்டு இருந்துவிடவும் முடியாது. அந்நாட்டிலே படிக்கப்போகின்றவன் அந்நூல்களையே படிக்கவேண்டியவனாகின்றான்.

கிரகித்தல் வினாக்களை நான் மதிக்கின்றேன். ஆசிரியர் இவ்வாக்கியத்தை இங்கு வைத்ததன் நோக்கம் யாது, இவ்வுதாரணம் எக்கூற்றைத் தாங்குகின்றது, சொல்லாது விட்டதிலிருந்து யாது பெறப்படும் என்பன போன்ற வினாக்கள் அவை. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் தம் உரைகளிற் செய்த வேலை இதுவன்றோ? உரை வழியே திருக்குறள் படித்த பிள்ளைக்கு இவ்வகை நோக்கு புதியதன்று, மொழிதான் புதிது. ஆனால் உரையாசிரியர் ஒருவர் மற்றவரை மறுத்து வேறு பொருள் கொள்ளும் உரிமை இங்கில்லை. சில வினாக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தெரியச் சொல்லினும், எவை சரி என்பது முன்னரே முடிந்துபோன தீர்ப்பு. மேலும், தொண்ணூறு விநாடியளவிற் படித்துத் தெளியவேண்டியிருத்தலால், ஆழ்ந்து படிப்பவனிலும் விரைந்து படிப்பவனுக்கே இலாபம். பட்டமேற்படிப்போ விரைந்து படிப்பவனை வேண்டுவதன்று. ஒரு பக்கத்தை ஒரு வாரம் வைத்து வருந்துபவனே அங்கு ஆராய்ச்சியாளனாகின்றான்.

அமெரிக்கரிடையேயும் இப்பரீட்சை பற்றி ஐயம் வளர்ந்துள்ளது. 2014இல் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழிலே கேசி மில்லர், கீவன் ஸ்ராசன் என்னும் பௌதிகப் பேராசிரியர் இருவர், இப்புள்ளியை வெட்டுக்கோடாகக் கொள்வதனாற் பெண்களும் சிறுபான்மையோரும் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றனர் என்று எழுதினர். இப்புள்ளி ஒன்றையே கொண்டு எவரையும் விலக்கலாகாது என்று பரீட்சை நிறுவனத்தார் தாமே அறிவுறுத்தியுள்ளனர். 2020இன் கொள்ளைநோய்க்குப் பின்னர் இப்பரீட்சையை வேண்டாத துறைகள் மிகப் பல. நமக்கு வேறொரு கணக்கும் உண்டு. 2023இல் இதன் கட்டணம் 220 டொலர். 2022இன் தொடக்கத்தில் டொலரொன்று இருநூறு ரூபாவளவில் நின்றது. அவ்வாண்டு மே மாதமளவில் முந்நூற்றறுபதைத் தொட்டது. முந்நூறு என்று கொண்டாலும் கட்டணம் 66,000 ரூபாவாகின்றது. தாம் நாடும் துறை இப்பரீட்சையை வேண்டுகின்றதா என்பதைக் கேட்டறியாது இத்தொகையைக் கட்டுவோரும் நம்மிடையே உளர்.

இனி, நம் பள்ளிக்கு வருவோம். வாசிப்புப் பற்றி ஆராய்ந்த போல் நேஷன் என்னும் அறிஞர், நூலொன்றைப் பிறர் உதவியின்றிப் படித்தறிய எண்ணாயிரம் முதல் ஒன்பதினாயிரம் வரையான சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006இற் கணக்கிட்டார். அவை அன்றாட நூல்களிலே திரும்பத் திரும்ப வரும் சொற்கள். அவற்றுள்ளே பாதியையும் கல்லாதவன் 3500 அபூர்வச் சொற்களை மனனஞ் செய்தல் சுவரில்லாமற் சித்திரம் எழுதுதலாகும். உயர்தர வகுப்பில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக உண்டு. அதன் பெறுபேறு பல்கலைக்கழகப் புகுமுகத்துக்குரிய இசட் புள்ளியிற் சேர்வதில்லை. ஆகவே அப்பாடவேளையிலே பிள்ளைகள் பௌதிகக் கணக்குச் செய்வதைக் காணாத ஆசிரியர் இல்லை. அதன்பின் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்திலே கற்கப்படுகின்றன. அங்கும் விரிவுரைக் குறிப்பே நூலாகின்றது. பட்டம் பெற்றபின் மூன்று மாதத்திற் பட்டியலால் நிரப்ப முயலும் பள்ளம் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக வெட்டப்பட்டது.

இம்மண்ணில் வேறு வழியும் இருந்தது. 1823இல் வட்டுக்கோட்டையிலே தொடங்கிய செமினரியில் ஆங்கிலம் தனிப்பாடமாய் நில்லாது, கணிதமும் வானசாத்திரமும் தருக்கமும் கற்கும் வாயிலாய் நின்றது. அங்குக் கற்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அவ்விருவருள் ஒருவரே பின்னர் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்பதையும் மறத்தலாகாது. ஆங்கிலத்தை நூல் வழியாகக் கற்றவர்க்குத் தமிழேடும் பகையாகவில்லை. அச்செமினரியில் எல்லாம் நன்றாயிருந்தன என்று கூறவில்லை. மதமாற்ற நோக்கம் அதற்கு இருந்தது. அதனை எதிர்த்தே நம் சைவப் பள்ளிகள் எழுந்தன. கற்பித்தல் முறையை மட்டுமே ஈண்டு எடுத்துக்காட்டினேன்.

ஆகவே பொருளுதவி செய்ய முன்வரும் பழைய மாணவர்க்கு என் வேண்டுகோள் இது. பட்டியல் வகுப்பு வேண்டாம். அத்தொகையிலே ஒன்பதாம் வகுப்பு முதல் உயர்தர வகுப்பு வரையுள்ள மாணவர்க்கு எளிய ஆங்கில விஞ்ஞான நூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் சிறுகதைகளும் வாங்கித் தருக. ஒரே நூலிற் பத்துப் பிரதி வருமாயின் வகுப்பாகக் கூடிப் படிக்கலாம். வாரத்துக்கு இரு பாடவேளை அதற்கென ஒதுக்கப்படின், படித்த பகுதியைத் தமிழிலே சுருக்கிச் சொல்லும்படி கேட்டாற் போதும். கிரகித்தானா இல்லையா என்பது அப்போதே தெரியும். அகராதி மேசைமேல் இருக்கட்டும். எட்டாண்டு கழித்து இவர்களுள் ஒருவன் அப்பரீட்சைக்குத் தோற்ற விரும்பினால், வினாக்களின் போக்கை அறிந்துகொள்ள அவனுக்கு ஆறு வாரம் வேண்டியிருக்கும். அதற்குரிய மாதிரி வினாத்தாள்களைப் பரீட்சை நிறுவனத்தாரே கட்டணமின்றித் தருகின்றனர்.