மூன்றே கால் நிமிடம்: தட்டில் ஜெயித்தவர்கள்

இசைத்தட்டு சேர்ப்பவர்கள் கூடினால் இப்போது பேச்சு விலையில் தொடங்கி விலையில் முடிகிறது. முதல் அச்சா, உறை கிழியாமல் இருக்கிறதா, லேபிள் என்ன நிறம் என்று கேட்கிறார்கள். உள்ளே பாடியவர் எப்படிப் பாடியிருக்கிறார் என்று கேட்பவர் குறைவு. போடியில் என்னிடம் தட்டு பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் அட்டையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். என் கணக்கு வேறு. ஆட்டக்காரரை ஆட்டத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். களம் எவ்வளவு, கையில் நேரம் எவ்வளவு, எதிரே நின்றது எது, அதற்குள் அவர் செய்து காட்டியது என்ன? தட்டுக்கும் இதே கேள்விகள்தான்.

பத்து அங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றே கால் நிமிடத்துக்கு மேல் பெரிதாக இடம் கிடையாது. மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டிப் பதிந்த காலம் அது. நடுவில் சறுக்கினால் வெட்டி ஒட்ட வழியில்லை, முதலிலிருந்து பாடவேண்டும். கச்சேரியில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பழகிய வித்வான்களை இந்தச் சின்னக் களத்தில் இறக்கியபோது பலர் பதறினார்கள். ஆலாபனை, பல்லவி, சரணம், ஸ்வரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணிக்கப் பார்த்து, ஓட்டமும் நடையுமாக முடித்த தட்டுகள் என்னிடமே கணிசமாக இருக்கின்றன. பெரிய பெயர்கள்தான். ஆனாலும் அவை தோற்ற ஆட்டங்கள்.

பதறாதவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வரத்தில் அவருடைய தோடி ஆலாபனைத் தட்டு என் அலமாரியின் உச்சத்தில் இருக்கிறது. மேடையில் தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர், தட்டுக்காக அதைச் சுருக்கவே இல்லை. சுருக்குவது வேறு, ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அதை முழுசாக வாசிப்பது வேறு. அவர் செய்தது இரண்டாவது. தோடியின் உயிர் காந்தாரத்தின் அசைவில் இருக்கிறது. அந்த ஒரு ஸ்வரத்தின்மேல் நிற்க அவருக்கு நேரம் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் நிற்க நேரம் கண்டுபிடிப்பதுதான் வித்தை. நின்று, நிரப்பி, அதற்குப் பிறகுதான் அந்தப் பிருகா வெள்ளம். முதலில் வேகம் காட்டிவிட்டுப் பிறகு இளைப்பாறும் வாசிப்பையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பாரி நாதஸ்வரம் சுருதி தாழ்ந்தது, குழல் நீண்டது. பழைய திமிரி நாதஸ்வரத்தின் கூர்மை ஒலிவாங்கியைக் குத்தும். பாரியின் கனம் தட்டில் பாந்தமாக உட்காருகிறது. அவர் 1956-இல் மறைந்தார். அதற்குப் பின் இந்தத் தோடியைத் தொட்டவர் யாரும் இந்தத் தட்டைக் கேட்காமல் தொட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது இடம் எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு. செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல், 27 வயதில், முடிந்துபோன வாழ்க்கை. நாடகக் கொட்டகையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரலை எறிந்தவர், ஒலிப்பதிவு அறையிலும் அதே தூரத்துக்குத்தான் எறிகிறார். தேவாமிர்தவர்ஷிணியில் ‘எவரனி’ தட்டைக் கேட்டால், மேல் ஸ்தாயிக்கு ஏறுவதற்கு அவருக்குப் படிக்கட்டே தேவைப்படவில்லை என்பது தெரியும். இங்கே சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 78 என்று எழுதியிருந்தாலும் அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக அந்த வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. சுற்று கொஞ்சம் கூடினாலும் குரல் கீச்சென்று ஏறும். இணையத்தில் உலவும் பல பிரதிகளில் கிட்டப்பாவைச் சிறுபிள்ளைக் குரலாக ஆக்கிவைத்திருப்பது இதனால்தான். வேகத்தை அவர் குரல் இயல்பாகும்வரை குறைத்துப் பாருங்கள்; மனிதர் ஒருவர் எதிரே வந்து நிற்பார்.

எங்கள் மாவட்டம் மதுரையோடு இருந்த காலத்து ஆட்கள் நாங்கள், எம். எஸ். சுப்புலட்சுமியை ஊர்க்காரியாகத்தான் பார்ப்போம். 1926-இல், பத்து வயதில், அவருடைய முதல் தட்டு வந்தது. ஆனால் எனக்கு அவருடைய பெரிய சாதனை அந்த 78-களில் இல்லை. 1963-இல் வந்த வெங்கடேச சுப்ரபாதம் எல்பியில் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். களம் ஆறு மடங்கு பெரிதானபோது, அதில் சாமர்த்தியம் காட்டவேண்டும் என்ற ஆசை எந்தப் பாடகருக்கும் வரும். அவர் காட்டவில்லை. ஆரம்பத்தில் பிடித்த நடை கடைசிவரை ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. ராதா விஸ்வநாதனின் குரல் கூடவே இழைந்து வருகிறது. இருபது நிமிடம் சமநடையில் போவது எவ்வளவு கடினம் என்பது நீண்ட தூரம் ஓடியவர்களுக்குத் தெரியும். கோயில் குழாய்களில் அறுபது வருடமாக விடியற்காலையில் ஒலித்தும் அது யாருக்கும் அலுக்காததற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல, இந்த நிதானமும்தான்.

குழாய் என்றதும் மைக்செட்காரர்களைச் சொல்லாமல் போகமுடியாது. தேனி, போடி, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு தலைமுறைக்குத் தட்டு என்பது வீட்டில் இருந்த பொருள் அல்ல. கல்யாண வீட்டு வேப்பமரத்தில் கட்டிய குழாயிலிருந்தும், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாப் பந்தலிலிருந்தும் காற்றில் வந்ததுதான் தட்டு. அந்தக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது ஏறக்குறைய விழுங்கிவிடும். நடுப்பகுதியை மட்டும் தூக்கி எறியும். ஆகவே குழாயில் யார் ஜெயிப்பார்கள் என்பது குரலின் வார்ப்பைப் பொறுத்தது. டி. எம். சௌந்தரராஜன் ஜெயித்தார். எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் இரண்டு ஊர் தாண்டியும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டன. நாகூர் ஹனிபாவுக்குக் குழாயே தேவையில்லை என்று தோன்றும். பி. பி. ஸ்ரீனிவாஸ், ஏ. எம். ராஜா இருவரும் பாவம், குழாயில் பாதி கரைந்துபோனார்கள். அவர்களை வீட்டில், நல்ல ஊசியில், ராத்திரியில் கேட்கவேண்டும். மைக்கை எதிராளியாக நினைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளாக நினைத்துப் பாடிய முதல் தலைமுறைக் குரல்கள் அவை.

அதே வித்தையின் இன்னோர் உச்சம் மலைமேலிருந்து எனக்குக் கிடைத்தது. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்ட பங்களாக்களைக் காலிசெய்யும்போது இறங்கிவரும் பெட்டிகளில் ஜிம் ரீவ்ஸ் இல்லாத பெட்டியை நான் பார்த்ததில்லை. அமெரிக்க கன்ட்ரி பாடகர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு ஆள்போல ஆனவர். 1959-இல் அவர் பதிவுசெய்த ‘ஹீ வில் ஹேவ் டு கோ’வில் உதடு மைக்கைத் தொடுகிற தூரத்தில் இருக்கிறது. கிட்டப்பா நூறு அடி தூரத்து ஆளுக்குப் பாடுகிறார். ரீவ்ஸ் ஓரடி தூரத்து ஆளுக்கு. இரண்டையும் ஒரே மாலையில் கேட்டால், 1925-இல் வந்த மின் ஒலிப்பதிவு குரலுக்கு என்னவெல்லாம் செய்ய வழிவிட்டது என்பது புத்தகம் இல்லாமலே விளங்கும். அதே பெட்டிகளில் நான் இன்னும் தேடுவது, கல்கத்தா டம் டம் ஆலையில் 1960-களின் நடுவில் அரக்கில் அச்சடித்த பீட்டில்ஸ் 78. மற்ற நாடுகள் கைவிட்ட பிறகும், மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் இருந்ததால் இங்கே 78 நீடித்தது. போடிக்கு முதல் ரயில் வந்த 1928-இல்தான் அந்த டம் டம் ஆலையும் ஓடத் தொடங்கியது.

வசனத் தட்டுகளைச் சங்கீத ரசிகர்கள் ஒதுக்குகிறார்கள். தவறு. ‘திருவிளையாடல்’ (1965) ஒலிச்சித்திரத்தில் தருமியாக நாகேஷ் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே விடவில்லை என்று கவனியுங்கள். முகம் இல்லாமல், குரலின் தாளத்தை மட்டும் வைத்து சிவாஜிக்கு எதிரே சமமாக நிற்கிறார். லய ஞானம் உள்ள எந்த மிருதங்க வித்வானுக்கும் அதில் கற்றுக்கொள்ள இருக்கிறது.

தட்டின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் மண்ணில் அது இரண்டு விதமாகச் சாகிறது. மலையிலிருந்து வருவது பூசணம் பிடித்து வருகிறது. ஏலத்துக்கு உகந்த ஈரமும் பனியும் காகித உறைக்கு எமன். பூசணம் உறையில் தொடங்கிப் பள்ளத்துக்குள் இறங்கும். கீழே போடியிலும் பொட்டிபுரம் பக்கத்துக் கிராமங்களிலும் ஓட்டுக்கூரை வெயிலில் வினைல் தட்டு வளைந்துபோகும். படுக்கப்போட்டு அடுக்கியிருந்தால் இன்னும் மோசம். நிற்கவைத்து அடுக்குங்கள். வினைலைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டுத் துடைக்கலாம். ஆனால் 78 தட்டை ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் தொடாதீர்கள்; அது அரக்கு, கரைந்துவிடும். வினைல் தட்டைத் துடைக்கும் திரவத்தை ஊற்றிப் பழைய நாடகப் பாட்டுகளைப் பாழாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி எங்கள் பள்ளத்தாக்கின் ஆளுக்கு வருகிறேன். போடிக்குத் தெற்கே, தேவாரம் தாண்டினால் இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது இந்தப் பக்கத்து மைக்செட்டுகள் அதைத் தேய்த்த தேய்ப்பில், இன்று எனக்குக் கிடைக்கும் பிரதிகள் எல்லாம் பள்ளம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கின்றன. அப்படித் தேய்ந்த தட்டை யாரும் விலைக்கு எடுப்பதில்லை. நான் எடுப்பேன். எந்தப் பாட்டை ஊர் விடாமல் கேட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

ஆனால் நான் அழுத்திச் சொல்லவிரும்புவது இது. நாங்கள் இளையராஜாவைப் பல வருடங்கள் பாதிதான் கேட்டோம். குழாய் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே விழுங்குகிறது என்றேன். பேஸ் கிட்டாரின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அவர் கீழே ஓடவிட்ட இரண்டாவது பாட்டு முழுவதும் குழாயின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ‘மூடுபனி’ (1980) எல்பியை நல்ல ஒலிபெருக்கியில் போட்டு, ‘என் இனிய பொன் நிலாவே’யில் யேசுதாஸை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது தாளத்துக்குத் துணை நிற்கவில்லை, தன் பாட்டுக்கு ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது. குரல் நிற்கும் இடத்தில் அது நகர்கிறது, குரல் நகரும்போது அது காத்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று மெட்டுகளைச் சில நிமிடத்துக்குள் முட்டாமல் ஓடவிடுவது, ராஜரத்தினம் தோடியில் நிற்க நேரம் கண்டுபிடித்ததற்கு இணையான திறமை. சிறு களத்தில் பெரிய ஆட்டம்.

எல்பியில் கேட்பவர்கள் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் முனையில் அது பாதிக்கும் கீழே போய்விடும். ஆகையால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் வயலின் கூட்டம் சற்றே பொரிவதுபோல் கேட்டால் அதை ஒலிப்பதிவின் குறையாகக் கொள்ளாதீர்கள்.

1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய தட்டு, வி. எஸ். நரசிம்மனின் வயலின் அபாரம். பாக்கின் வயலின் பார்ட்டிட்டா ஒன்றின் மேல் நம் ராகத்தை ஓடவிட்ட பகுதி எத்தனை முறை கேட்டாலும் சிலிர்க்கவைக்கும். அப்படியிருந்தும், அவருடைய திரைப்பாட்டுத் தட்டுகளைத்தான் நான் மேலே வைப்பேன். படத்தின் காட்சி, வரியின் நீளம், நாயகனின் வாயசைப்பு என்று எத்தனையோ கட்டுகள் இருந்த இடத்தில் அவர் எழுதிய இடையிசைகள் இன்னும் இறுக்கமானவை. இரண்டு வருடம் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ அழகானது, ஆனால் தளர்வானது.

என் அலமாரியில் ஒரு வெற்றிடம் உண்டு. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், இதே போடிமெட்டுக்கு மேலே உள்ள தோட்டங்களில், கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடியவர். தம்பிகள் ஆர்மோனியமும் தாளமும் கற்றது அவர் மேடையில்தான். அவர் குரல் ஏறிய தட்டு ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. நகரத்து வித்வானையும் சினிமாவையும் தேடிப்போன கம்பெனி மைக், மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை உட்காரவைத்துப் பாடிய ஆளைத் தேடி ஏறவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கட்சிக் கூட்டங்களை ஸ்பூல் டேப்பில் பதிந்துவைத்த வீடுகள் அந்தக் காலத்தில் ஆங்காங்கே உண்டு. பரணில் அப்படி ஒரு சுருள் கிடந்தால், கிடைத்த சந்தோஷத்தில் உடனே மெஷினில் மாட்டி ஓட்டாதீர்கள். ஈரத்தில் ஒட்டிப்போன நாடாவின் காந்தப் பூச்சு முதல் ஓட்டத்திலேயே உரிந்து வந்துவிடும், அதோடு குரலும். உலர்ந்த இடத்தில், அடுப்படிச் சூடும் காந்தமும் படாமல் வைத்துவிட்டு, பழைய நாடாவைக் கையாளத் தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.