படிவுகள் மேல் மட்டும் பழியா?

அல்சைமர் நோயைப் பற்றிய பொதுக் கட்டுரைகளில் ஒரு படம் தவறாமல் இடம் பெறுகிறது. நரம்புச் செல்களுக்கிடையே புரதப் படிவுகள் சாக்கடையை அடைத்த குப்பையைப் போல் கிடக்கும். ஞாபகத்தை அழிப்பவை அவையே என்று கீழே ஒரு குறிப்பும் இருக்கும். (நானும் ஒருமுறை அப்படி எழுதியவன்தான்.) 1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த படிவுகள்தாம் அவை. படம் பொய்யன்று, குறிப்புதான் தவறு. மூளையில் நிறையப் படிவுகள் இருந்தும் கடைசிவரை தெளிவோடு வாழ்ந்த முதியோர் உண்டு.

அப்படியானால் செல்களுக்கிடையே செய்தி செல்வதைக் கெடுப்பது எது? 2008-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. இறந்த நோயாளிகளின் மூளையிலிருந்து பீட்டா-அமிலாய்டு புரதத்தைப் பிரித்தெடுத்து, சுண்டெலி மூளையின் மெல்லிய துண்டுகளில் இட்டுப் பார்த்தார்கள். நரம்பிணைப்பு ஒன்றை விரைவாகப் பலமுறை தூண்டினால் அது வலுப்பெற்று, நெடுநேரம் அப்படியே நிற்கும். கற்பதற்கு அடிப்படை இதுவே என்பர். இரண்டிரண்டாகச் சேர்ந்து, நீரில் கரைந்திருந்த அமிலாய்டு மூலக்கூறுகள் பட்டதும் அந்த வலுப்பெறுதல் தடைப்பட்டது. கரையாத படிவுகளை இட்டபோதோ ஒன்றும் நேரவில்லை! அவற்றைக் கரைத்து, உள்ளிருந்த இரட்டை மூலக்கூறுகளை வெளிப்படுத்திய பிறகே கேடு தோன்றிற்று.

எனினும் துண்டில் சில மணி நேரத்தில் கண்டது, மனித மூளையில் பல ஆண்டுகளாக நடப்பதன் முழுக்கதை ஆகாது. செல்லின் உள்ளே முறுக்கிக்கொள்ளும் டௌ புரதத்துக்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

மறுபக்கம் இன்னொரு அவசரம். குறிப்பிட்ட ஓர் அமிலாய்டுத் திரளே ஞாபகத்தைக் கெடுக்கிறது என்று 2006-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. உடனே அமிலாய்டுக் கொள்கையே புரட்டு என்று சிலர் முழங்கினர். ஓர் ஏட்டைச் செல் அரித்ததென்று சுவடிக்கட்டு முழுவதையும் அடுப்பிலிடுவதா? கரையும் சிறு திரள்கள் எலி மூளையில் இதே தடையை உண்டாக்குவதை வேறு ஆய்வாளர்கள் 2002-இலேயே காட்டியிருந்தனர்.

திரள்களை அகற்றும் லெகனிமாப் மருந்து 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. 18 மாதச் சோதனையில் அது நோயின் போக்கை 27 சதவீதம் தாமதப்படுத்தியது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக வெளியிட்டன. 18 புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளிதான்.